ஃபோனுக்கு ஒரு ஐடி: எதை எடுப்பது, எங்கே வைப்பது

கேள்வி இது: பாட வீடியோக்கள் விற்கும் ஒரு செயலி. ஒரு கணக்கை இரண்டு ஃபோன்களில் மட்டும் திறக்க விட வேண்டும். அதற்கு ஆண்ட்ராய்டிலும் ஐஃபோனிலும் ஃபோனுக்கு ஒரு மாறாத ஐடி தேவை. செயலியை நீக்கிவிட்டு மறுபடி போட்டாலும் அதே ஐடி வர வேண்டும். ஐஎம்இஐ (ஃபோனின் வன்பொருளுக்கு உரிய எண்) எடுக்கலாமா, வேறு வழி உண்டா?

ஐஎம்இஐயை மறந்துவிடுங்கள். சுருக்கமான பதில்: செயலி முதன்முறை திறக்கும்போது ஒரு யூயூஐடியை (இன்னொன்றுடன் மோத வாய்ப்பே இல்லாத அளவு நீளமான ஐடி) நீங்களே உருவாக்குங்கள். ஐஃபோனில் அதைக் கீசெயின் என்ற பாதுகாப்புப் பெட்டகத்தில் வையுங்கள். ஆண்ட்ராய்டில் பேக்கப்பில் சேராத கோப்பில் வையுங்கள். ஆண்ட்ராய்டில் மட்டும் கூடவே, இயங்குதளமே தரும் ஆண்ட்ராய்டு ஐடியையும் துணைக் குறிப்பாக சர்வருக்கு அனுப்புங்கள். உருவாக்குவது ஒரு வரி வேலை. சிக்கலெல்லாம் வைப்பதிலும் திரும்ப எடுப்பதிலும்தான். அது கெடுவதும் இரண்டே விதமாகத்தான்: ஐடி தொலைந்துபோய் ஒரு ஃபோன் சர்வர் கணக்கில் இரண்டாகிவிடும், அல்லது ஐடி நகலாகி இரண்டு ஃபோன்கள் ஒன்றாகிவிடும். உங்கள் செயலியில் முதலாவது நடந்தால் காசு கட்டியவர் வெளியே நிற்பார், இரண்டாவது நடந்தால் காசு கட்டாதவர் உள்ளே வருவார். கீழே வரும் ஒவ்வொரு வழியையும் இந்த இரண்டில் எதில் மாட்டும் என்று கேட்டுக்கொண்டே படியுங்கள்.

வன்பொருள் எண்களின் கதையை வேகமாக முடித்துவிடலாம். 2019-இல் வந்த ஆண்ட்ராய்டு 10 முதல், ஐஎம்இஐயும் சீரியல் எண்ணும் ஃபோனின் சிஸ்டம் செயலிகள், மொபைல் நிறுவனச் செயலிகள் போன்ற சிலவற்றுக்குத்தான்; சாதாரணச் செயலி கேட்டால் செக்யூரிட்டி எக்செப்ஷன் என்ற பிழை வரும். பழைய ஆண்ட்ராய்டு பதிப்பையே இலக்காகக் குறித்து விட்டு வைத்த செயலிக்குக் காலி மதிப்போ போலி மதிப்போ கிடைக்கும். அது பிழையாகக்கூடத் தெரியாது, ஆகவே இன்னும் மோசம். கிடைத்தாலும் பயனில்லை: இரட்டை சிம் ஃபோனில் ஐஎம்இஐ இரண்டு, வைஃபை மட்டும் உள்ள டேப்லெட்டில் ஒன்றுமே இல்லை. வைஃபை மேக் முகவரி கேட்டால் ஐஓஎஸ் 7-இலிருந்தும் ஆண்ட்ராய்டு 6-இலிருந்தும் எல்லாருக்கும் 02:00:00:00:00:00 என்றே பதில். ஐஃபோனின் பழைய சாதன ஐடியான யூடிஐடியைப் படிக்கும் செயலிகளை ஆப் ஸ்டோர் 2013 மே 1 முதல் ஏற்பதில்லை. இணையத்தில் கிடைக்கும் பழைய விடைகளில் பாதி இந்த மூடிய கதவுகளைத்தான் இன்னும் காட்டிக்கொண்டிருக்கின்றன.

விளம்பர ஐடியையும் தொட வேண்டாம். அது விளம்பரத்துக்கு என்றே ஒதுக்கியது. பயனர் எப்போது வேண்டுமானாலும் அழிக்கலாம். ஐஓஎஸ் 14.5 முதல் பயனர் அனுமதி தராவிட்டால் 00000000-0000-0000-0000-000000000000 என்று வரும். ஆண்ட்ராய்டிலும் விளம்பர ஐடியை நீக்கியவர்களுக்கு இதே பூஜ்யங்கள்தான். இதைத் தனித்த ஐடி என்று நம்பிய டேட்டாபேஸில் ஆயிரக்கணக்கான ஃபோன்கள் ஒரே வரிசையில் (ரோ) போய்ச் சேரும். ஐடி எதுவாக இருந்தாலும் சரி, முழுப் பூஜ்யத்தையும் காலி மதிப்பையும் சர்வர் வாசலிலேயே தடுத்துவிடுங்கள்.

இனி ஆண்ட்ராய்டு ஐடி. இது 64 பிட் எண், பதினாறடிமானத்தில் எழுதிய சரமாக வரும். தனி அனுமதி எதுவும் தேவையில்லை. ஆண்ட்ராய்டு 8-க்கு முன் ஒரு ஃபோனில் எல்லாச் செயலிகளுக்கும் ஒரே மதிப்பு. 8 முதல் மூன்றைச் சேர்த்துத் தீர்மானிக்கிறார்கள்: செயலியைக் கையெழுத்திட்ட சாவி, ஃபோனிலுள்ள பயனர், ஃபோன். செயலியை நீக்கி மறுபடி போட்டாலும், டேட்டாவை அழித்தாலும் மாறாது. நீங்கள் கேட்ட குணம் இதுதான். ஃபேக்டரி ரீசெட் செய்தால் மாறும்.

இதிலுள்ள பொறிகள் எல்லாம் அந்த மூன்று சொற்களுக்குள்ளேயே இருக்கின்றன. சாவி: சோதனைக்கான டீபக் பில்டுக்கு ஒரு மதிப்பு, வெளியிடும் ரிலீஸ் பில்டுக்கு வேறு மதிப்பு. பிளே ஸ்டோர் உங்கள் சார்பில் கையெழுத்திடும் ஏற்பாட்டில் இருந்தால், உங்கள் கணினியில் அப்லோடு சாவியால் கையெழுத்திட்ட ஏபிகே (செயலிக் கோப்பு) ஒரு மதிப்பையும், ஸ்டோரிலிருந்து இறக்கியது இன்னொன்றையும் தரும். "என் ஃபோனிலேயே ஐடி மாறுகிறது" என்ற புகார்களில் பெரும்பாலானவை இதனால் வருபவை. பயனர்களுக்கு அது நடக்காது. பயனர்: அலுவலக வொர்க் புரொஃபைலில் போட்ட செயலிக்குத் தனி மதிப்பு. சில ஃபோன்களில் ஒரே செயலியை இரண்டாகப் போட்டுக்கொள்ளும் வசதி உண்டே, அதுவும் உள்ளுக்குள் தனிப் பயனராகவே ஓடும். ஆக ஒரே ஃபோன் இரண்டு ஐடி காட்டும். ஃபோன்: ரூட் செய்தவர் (ஃபோனின் முழு அதிகாரத்தையும் திறந்தவர்) இந்த மதிப்பை மாற்றி எழுதலாம். ஆண்ட்ராய்டு 2.2 காலத்தில் 9774 என்று தொடங்கும் ஒரே மதிப்பு ஏராளமான ஃபோன்களில் வந்த பிழையும் உண்டு. அந்த ஃபோன்கள் இன்று புழக்கத்தில் இல்லை, ஆனால் இயங்குதளம் தரும் எண் என்பதால் மட்டும் தனித்தது என்று நம்பக் கூடாது என்பதற்கு அது சாட்சி. இன்னொரு சின்ன விஷயம்: பழைய பதிப்புகளில் முன்னால் வரும் பூஜ்யம் விழுந்துவிடும், ஆகவே நீளம் சரியாக 16 இருக்கிறதா என்று சோதித்து நிராகரிக்காதீர்கள்.

ஃபிளட்டரில் (இரு இயங்குதளத்துக்கும் சேர்த்துச் செயலி எழுதும் கருவி) எழுதுபவர்களுக்குத் தனியாக ஒரு எச்சரிக்கை. டிவைஸ் இன்ஃபோ பிளஸ் பேக்கேஜில் முன்பு ஆண்ட்ராய்டு ஐடி கிடைத்தது, பிறகு நீக்கிவிட்டார்கள். பெயரைப் பார்த்து அதிலுள்ள வெறும் 'ஐடி' என்ற புலத்தை எடுத்துப் போட்டவர்கள் நிறைய. அது ஃபோனின் ஐடி அல்ல, ஆண்ட்ராய்டு பில்டின் எண். ஒரே மாடல், ஒரே அப்டேட் உள்ள ஃபோன்கள் எல்லாவற்றிலும் அது ஒன்றுதான். நான்கைந்து வெவ்வேறு ஃபோன்களில் சோதிக்கும்போது பிழை தெரியவே தெரியாது. வெளியிட்ட பிறகு ஒருவர் கணக்கில் இன்னொருவர் ஃபோன் வந்து உட்காரும்.

ஐஃபோனில் இதற்கு இணை, ஐடென்டிஃபையர் ஃபார் வெண்டர். ஒரே டெவலப்பரின் செயலிகள் அனைத்துக்கும் ஒரு ஃபோனில் ஒரே மதிப்பு. அந்த டெவலப்பரின் கடைசிச் செயலியும் நீங்கினால் மதிப்பும் போய்விடும். மறுபடி போடும்போது புதியது வரும். உங்களிடம் இருப்பதே ஒரு செயலி என்றால், நீக்கிப் போட்டாலே மாறும் என்று பொருள். ஃபோனை ரீஸ்டார்ட் செய்து இன்னும் ஒருமுறைகூட அன்லாக் செய்யாத நேரத்தில் கேட்டால் காலி மதிப்பு வரவும் வாய்ப்புண்டு. ஆகவே இதை நேரடியாக ஐடியாக வைக்காதீர்கள்.

உருவாக்கும் பக்கத்துக்கு வருவோம். பதிப்பு 4 யூயூஐடி போதும். 128 பிட்டில் 122 பிட் தற்செயலானது. தற்செயலாக இரண்டு மோதப் பாதிக்குப் பாதி வாய்ப்பு வர வேண்டுமானால் சுமார் 2.7 × 10¹⁸ ஐடிகள் உருவாக்க வேண்டும். உங்கள் டேட்டாபேஸில் ஒரே யூயூஐடி இரண்டு ஃபோன்களிலிருந்து வந்தால் அது தற்செயல் அல்ல, நகல். ஜாவா, கோட்லின், ஸ்விஃப்ட் மூன்றிலும் உள்ள சொந்த வசதியையே பயன்படுத்துங்கள். ஜாவாஸ்கிரிப்டில் எழுதும் ரியாக்ட் நேட்டிவில் மட்டும், அடியில் ஓடுவது பாதுகாப்பான தற்செயல் மூலமா அல்லது அப்படிப் பாதுகாப்பில்லாத மேத் ரேண்டமா என்று பார்த்துவிடுங்கள். பதிப்பு 1 வேண்டாம்; அதில் நேரமும் மேக் முகவரியும் கலந்திருக்கும். மாடல் பெயர், திரை அளவு, மொழி எல்லாவற்றையும் சேர்த்து ஹாஷ் செய்து (கணக்கிட்டு ஒரே நீளச் சரமாகச் சுருக்கி) ஐடி தயாரிக்கும் யோசனை இன்னும் சிலரிடம் உண்டு. ஒரே கடையில் வாங்கிய ஒரே மாடல் ஃபோன்கள் ஒன்றாகிவிடும், மொழியை மாற்றினால் ஒரு ஃபோன் இரண்டாகிவிடும். கேடு இரண்டும் ஒரே இடத்தில். போதாததற்கு ஆப்பிள் விதிப்படி அது தடைசெய்த வேலை.

ஸ்விஃப்ட் யூயூஐடியைப் பெரிய எழுத்தில் தரும், ஜாவா சிறிய எழுத்தில் தரும். சர்வரில் சரமாக வைத்து ஒப்பிட்டால் என்றாவது ஒருநாள் இடிக்கும். உள்ளே வரும்போதே சிறிய எழுத்தாக்குங்கள். டேட்டாபேஸ் போஸ்ட்கிரெஸ் என்றால் அதற்கென்றே உள்ள யூயூஐடி வகையில் வையுங்கள். 36 எழுத்துக்குப் பதில் 16 பைட்டில் முடியும், எழுத்துச் சிக்கலும் தீரும்.

ஆண்ட்ராய்டில் எங்கே வைப்பது? கை முதலில் போவது, செயலியின் சிறு அமைப்புகளை வைக்கும் ஷேர்டு பிரிஃபரன்ஸுக்கு. நகல் பிறப்பது அங்கேதான். ஆண்ட்ராய்டு 6 முதல் ஆட்டோ பேக்கப் என்ற வசதி, செயலிக்கு 25 எம்பி வரை, பயனரின் கூகுள் கணக்கில் தானாகவே சேமிக்கிறது. தனியாக விலக்காவிட்டால் ஷேர்டு பிரிஃபரன்ஸும் அதில் அடக்கம். பயனர் புது ஃபோன் வாங்குகிறார். பழையதை மகளுக்குக் கொடுக்கிறார். புதியதில் ரீஸ்டோர் ஆகும்போது உங்கள் ஐடியும் கூடவே வந்து இறங்குகிறது. இப்போது இரண்டு ஃபோன்கள், ஒரே ஐடி. சர்வருக்கு எதுவுமே நடந்ததாகத் தெரியாது. "பேக்கப்பை அனுமதிக்கும் அலோ பேக்கப் அமைப்பை ஃபால்ஸ் ஆக்கிவிட்டேனே" என்றால், ஆண்ட்ராய்டு 12 முதல் சில நிறுவன ஃபோன்களில் அது கிளவுட் பேக்கப்பை மட்டும்தான் நிறுத்தும். ஃபோனிலிருந்து ஃபோனுக்கு நேரடியாக மாற்றுவதை நிறுத்தாது. செயலியின் விவரக் கோப்பான மேனிஃபெஸ்டில் டேட்டா எக்ஸ்ட்ராக்ஷன் ரூல்ஸ் கோப்பு கொடுத்து, கிளவுட் பேக்கப், டிவைஸ் டிரான்ஸ்ஃபர் என்ற இரண்டு பகுதியிலும் விலக்க வேண்டும்; பழைய பதிப்புகளுக்காக ஃபுல் பேக்கப் கான்டென்ட் கோப்பும் தனியாக வேண்டும்.

இவ்வளவு சுற்றத் தேவையில்லை. ஆண்ட்ராய்டு 5 முதலே 'நோ பேக்கப் ஃபைல்ஸ்' என்று ஒரு கோப்புறை இருக்கிறது; அதில் இருப்பது எந்தப் பேக்கப்பிலும் சேராது. ஐடியை அங்கே ஒரு சின்னக் கோப்பாக எழுதுங்கள். நேரடியாக எழுதாமல் அட்டாமிக் ஃபைல் வகுப்பைக் கொண்டு எழுதினால், பாதி எழுதும்போது பேட்டரி போனாலும் அரைகுறைக் கோப்பு மிஞ்சாது. ஷேர்டு பிரிஃபரன்ஸில்தான் வைப்பேன் என்றால் அப்ளை போதாது, கமிட் செய்யுங்கள்: அப்ளை பின்னணியில் எழுதும்; ஐடியை சர்வருக்கு அனுப்பிவிட்டு, எழுதி முடியும் முன் செயலி கவிழ்ந்தால், அடுத்த முறை புது ஐடி பிறக்கும்.

ஷேர்டு பிரிஃபரன்ஸைப் பூட்டி வைக்கும் என்கிரிப்டட் ஷேர்டு பிரிஃபரன்ஸ் வேண்டாம். இந்த ஐடி ரகசியம் அல்ல. அந்தப் பூட்டின் சாவி, ஃபோனிலேயே உள்ள சாவிப் பெட்டகமான ஆண்ட்ராய்டு கீஸ்டோரில் இருக்கிறது, அது பேக்கப்பில் போகாது. பூட்டிய கோப்பு மட்டும் புது ஃபோனுக்குப் போய்ச் சேரும். திறக்க முடியாமல் செயலி தொடக்கத்திலேயே விழும். பலர் இதை ஃபோன் நிறுவனத்தின் குறை என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

செயலியை நீக்கினால் இந்தக் கோப்பும் போய்விடுமே? போகும். அதற்குத்தான் துணைக் குறிப்பு. ஆண்ட்ராய்டு ஐடியை எஸ்ஹெச்ஏ-256 ஹாஷ் செய்து, யூயூஐடியுடன் சேர்த்து அனுப்புங்கள். லாகின் ஆகும்போது சர்வர் பார்க்க வேண்டியது: இதே கணக்கில், இதே குறிப்புடன், வேறு யூயூஐடியில் பழைய வரிசை இருக்கிறதா? இருந்தால் அது நீக்கி மறுபடி போட்ட அதே ஃபோன். பழைய வரிசையின் யூயூஐடியைப் புதியதாக மாற்றிவிடுங்கள், எண்ணிக்கையைக் கூட்டாதீர்கள். இந்த ஒப்பீடு ஒரே கணக்குக்குள் மட்டும் நடக்கட்டும். கணக்கு தாண்டி ஒப்பிட்டால் வேண்டாத கண்காணிப்பாகிவிடும், குறிப்பு தவறாகப் பொருந்தினால் சேதமும் பெரிது.

இதே குறிப்பு நகலையும் பிடிக்கும். கோப்பில் யூயூஐடிக்குப் பக்கத்திலேயே அது பிறந்தபோது இருந்த ஆண்ட்ராய்டு ஐடியையும் எழுதி வையுங்கள். ஒவ்வொரு முறை திறக்கும்போதும் இப்போதைய மதிப்புடன் ஒப்பிடுங்கள். வேறாக இருந்தால் கோப்பு வேறொரு ஃபோனிலிருந்து வந்தது; அதைத் தூக்கிப் போட்டுப் புதியதை உருவாக்குங்கள். ஏற்கெனவே ஷேர்டு பிரிஃபரன்ஸில் ஐடி வைத்து வெளியிட்டுவிட்ட செயலிகளுக்கு இது கை கொடுக்காது, ஏனென்றால் பக்கத்தில் எழுதிய பழைய மதிப்பு அங்கே இல்லை. அவர்கள் அடுத்த அப்டேட்டில் ஐடியைப் புதிய கோப்புறைக்கு மாற்றி, அந்த நொடியின் ஆண்ட்ராய்டு ஐடியை எழுதிக்கொள்ள வேண்டும். அதுவரை நகலானவற்றை சர்வரில், ஒரே யூயூஐடிக்கு இரண்டு குறிப்புகள் வருவதைப் பார்த்துப் பிரிக்கலாம்.

ஐஃபோனில் கதை தலைகீழ். செயலியின் அமைப்புகளை வைக்கும் யூசர் டிஃபால்ட்ஸில் வைத்தால் நீக்கும்போது போய்விடும், பேக்கப்பில் புது ஃபோனுக்கும் நகலாகும். இரண்டு கேடும் உண்டு. கீசெயினில் வைத்தது செயலியை நீக்கினாலும் தங்குகிறது. இதை ஆப்பிள் வாக்குறுதியாக எங்கும் தரவில்லை, ஐஓஎஸ் 10.3 சோதனைப் பதிப்பில் ஒருமுறை மாற்றிப் பார்த்துவிட்டுப் பின்வாங்கினார்கள். ஆகவே பயன்படுத்துங்கள், ஆனால் ஒருநாள் இது மாறினாலும் பயனர் பூட்டப்படாதபடி அமையுங்கள்.

கீசெயினில் எழுதும்போது அணுகல் வகையை நீங்களே குறிப்பிட வேண்டும். வேண்டியது: 'ஆஃப்டர் ஃபர்ஸ்ட் அன்லாக், திஸ் டிவைஸ் ஒன்லி'. பின்பாதி நகலைத் தடுக்கிறது. அது இல்லாவிட்டால், கணினியில் எடுத்த என்கிரிப்டட் பேக்கப் வழியாக ஐடி புது ஃபோனுக்குப் போகும். சிங்க்ரனைசபிள் (சாதனங்களுக்கிடையே பகிர்தல்) என்பதை ஒருபோதும் இயக்காதீர்கள். ஐகிளவுட் கீசெயின் அதை அந்த ஆளின் ஐபேடுக்கும் கொண்டுபோய்ச் சேர்க்கும்.

முன்பாதிதான் அதிகம் பேரைக் கவிழ்த்தது. எதுவும் குறிப்பிடாவிட்டால் இயல்பு வகை 'வென் அன்லாக்டு': ஃபோன் பூட்டியிருக்கும்போது படிக்க முடியாது. இரவு மூன்று மணிக்குப் பின்னணி அறிவிப்பு ஒன்று செயலியை எழுப்புகிறது. செயலி கீசெயினைக் கேட்கிறது. கிடைப்பது -25308, 'இப்போது தர முடியாது' என்று பொருள். பெரும்பாலானோர் எழுதும் நிரல் இப்படி இருக்கும்: மதிப்பு கிடைத்தால் எடு, கிடைக்காவிட்டால் புதியதை உருவாக்கு. உருவாக்கிய புதியதை சர்வருக்கு அனுப்பியும் விடும். காலையில் அன்லாக் செய்தால் பழைய ஐடி மறுபடி தலைகாட்டும், அல்லது பழையதை அழித்துவிட்டு எழுதும் நிரலாக இருந்தால் நிரந்தரமாகத் தொலையும். உங்கள் மேஜையில் இது நடக்கவே நடக்காது, ஏனென்றால் சோதிக்கும்போது ஃபோன் எப்போதும் அன்லாக் ஆகியிருக்கும்.

ஆகவே தொடக்க நிரல் மூன்று விடைகளைப் பிரித்தறிய வேண்டும்:

1. மதிப்பு கிடைத்தது: அதையே பயன்படுத்து.
2. -25300, அதாவது அப்படி ஒன்று இல்லவே இல்லை: புதியதை உருவாக்கு, எழுது, எழுதியதைத் திரும்பப் படித்துப் பார், பிறகுதான் சர்வருக்கு அனுப்பு.
3. மற்ற எந்த எண் வந்தாலும்: உருவாக்காதே. ஐடி இல்லாமலே வேலையைத் தள்ளிப்போடு, அன்லாக் ஆனபின் மறுபடி கேள்.

எழுதும்போது -25299 வந்தால் அதற்குள் வேறொரு திரெட் (செயலிக்குள் இணையாக ஓடும் இன்னொரு வேலை) எழுதிவிட்டது என்று பொருள். அதை அழிக்காமல், இருப்பதைப் படித்து எடுத்துக்கொள்ளுங்கள். ஆண்ட்ராய்டிலும் இதே போட்டி உண்டு: முதல் திறப்பில் அனலிடிக்ஸ் ஒரு திரெட்டிலும் லாகின் இன்னொன்றிலும் ஐடி கேட்டால் இரண்டு பிறக்கும். உருவாக்கும் இடம் ஒன்றே ஒன்றாக, ஒரு நேரத்தில் ஒருவரையே உள்ளே விடும் லாக் (பூட்டு) போட்டு இருக்கட்டும். சர்வீஸ் தனி பிராசஸில் ஓடினால் அந்த லாக்கும் போதாது. முதன்மை பிராசஸ் மட்டும் உருவாக்கட்டும், மற்றவை அதனிடம் கேட்டு வாங்கட்டும்.

கூகுளின் ஃபயர்பேஸ் இன்ஸ்டலேஷன் ஐடியை எடுத்துக்கொண்டால் என்ன என்று அடுத்த கேள்வி வரும். நிறுவல்களை எண்ண அது போதும். ஆனால் செயலியை நீக்கினாலும், டேட்டாவை அழித்தாலும் மாறும். ஃபோன் எண்ணிக்கைக் கட்டுப்பாட்டுக்கு ஆகாது. புஷ் டோக்கனை ஐடியாக வைப்பவர்களும் உண்டு. அது அறிவிப்பு அனுப்புவதற்கான முகவரி, தானாக மாறும். ஐடிக்குப் பக்கத்தில் தனிப் புலத்தில் வையுங்கள்.

இங்கே ஒரு எல்லைக்கோடு போட வேண்டும். ஐடி என்பது பெயர்தான், கடவுச்சொல் அல்ல. கோரிக்கையில் போகும் ஐடியை யார் வேண்டுமானாலும் பார்த்து நகலெடுத்துத் தன் கோரிக்கையில் போடலாம். ஃபோனை உண்மையிலேயே கட்டிப்போட வேண்டுமானால் சாவி ஜோடி வேண்டும்: ஆண்ட்ராய்டு கீஸ்டோரிலோ ஐஃபோனின் பாதுகாப்புச் சிப் பகுதியான செக்யூர் என்கிளேவிலோ தனிச்சாவியை உருவாக்கி, பொதுச்சாவியை ஐடியுடன் பதிவு செய்யுங்கள். பிறகு சர்வர் தரும் ஒருமுறை எண்ணைச் செயலி கையெழுத்திட்டு அனுப்பட்டும். தனிச்சாவி ஃபோனை விட்டு வெளியே வராது. யுபிஐ செயலிகள் பதிவின்போது உங்கள் சிம்மிலிருந்தே ஒரு எஸ்எம்எஸ் அனுப்ப வைப்பதும் வெறும் ஐடியை நம்ப முடியாததால்தான். பாட வீடியோவுக்கு எஸ்எம்எஸ் அதிகப்படி. சாவி ஜோடி மிகையில்லை.

இலவச சோதனைக் காலத்தை ஃபோனை ரீசெட் செய்து செய்து மறுபடி எடுப்பவர்களை நிறுத்துவதுதான் கவலை என்றால், ஐடியோடு மல்லுக்கட்டாதீர்கள். ஆப்பிளின் டிவைஸ்செக் என்ற சேவை ஐஓஎஸ் 11 முதல் ஃபோனுக்கு இரண்டு பிட் தருகிறது; அதை ஆப்பிளே தன் சர்வரில் வைத்திருக்கும், ரீசெட் செய்தாலும் அழியாது. "இந்த ஃபோன் இலவசம் எடுத்துவிட்டது" என்று குறிக்க ஒரு பிட் போதும். பழைய ஃபோன் கைமாறியிருக்கலாம் என்பதால், பிட் எந்த மாதம் கடைசியாக மாறியது என்றும் அது சொல்லும். ஓராண்டு தாண்டியதை மன்னித்துவிடலாம். ஆண்ட்ராய்டில் கூகுளின் பிளே இன்டெக்ரிட்டி சேவையிலுள்ள டிவைஸ் ரீகால் இதே வேலைக்கு உள்ளது.

சர்வரில் ஃபோன் அட்டவணை கணக்கு அட்டவணையிலிருந்து தனியாக இருக்கட்டும்: யூயூஐடி, கணக்கு, குறிப்பு ஹாஷ், பொதுச்சாவி, மாடல் பெயர், கடைசியாகப் பார்த்த நேரம். மூன்றாவது ஃபோன் வந்தால் வெறுமனே "அனுமதி இல்லை" என்று மூடாதீர்கள். இருக்கும் இரண்டையும் மாடல் பெயருடனும் கடைசி நேரத்துடனும் காட்டி, எதை நீக்கட்டும் என்று கேளுங்கள். மாதத்துக்கு இத்தனை மாற்றம்தான் என்று ஒரு வரம்பு வைத்தால் பகிர்ந்துகொள்பவர்கள் தாமாகவே சலித்துப்போவார்கள். மேலே சொன்ன எல்லாவற்றையும் சரியாகச் செய்தாலும் தொலைந்த ஃபோன், உடைந்த ஃபோன், ரீசெட் ஆன ஃபோன் என்று ஐடி தொலைவது தொடரும். இந்தத் திரை இருந்தால் அது பயனருக்கு அரை நிமிட வேலை. இல்லாவிட்டால் உங்கள் உதவி மையத்துக்கு ஒரு அழைப்பு.

காகித வேலையும் கொஞ்சம் உண்டு. பிளே ஸ்டோரின் டேட்டா சேஃப்டி படிவத்திலும் ஆப்பிளின் தனியுரிமை விவரத்திலும் சாதன ஐடி சேகரிப்பதைக் குறிப்பிட வேண்டும். நீங்களே உருவாக்கிய யூயூஐடி ஆயினும் கணக்குடன் சேர்ந்துவிட்டால் அது தனிநபர் தரவு. கணக்கை அழிக்கச் சொன்னால் ஃபோன் வரிசைகளும் அழிய வேண்டும். சர்வரின் நிகழ்வுப் பதிவில் ஐடியை முழுதாக எழுதாமல் முதல் எட்டு எழுத்து மட்டும் எழுதினால் தேடுவதற்கு அது போதும்.

வெளியிடும் முன் இவற்றை மட்டுமாவது உண்மையான ஃபோனில் செய்து பாருங்கள். ஸ்டோரின் சோதனைத் தடத்திலிருந்து இறக்கிய பில்டை நீக்கி மறுபடி போடுங்கள். சர்வரில் வரிசை கூடக் கூடாது. ஆண்ட்ராய்டில் ஏடிபி (கணினியிலிருந்து ஃபோனுக்குக் கட்டளை அனுப்பும் கருவி) வழியாக பிஎம்ஜிஆர் கட்டளையால் பேக்கப்பைக் கட்டாயமாக ஓடவிட்டு, அதே கூகுள் கணக்குள்ள வேறு ஃபோனில் ரீஸ்டோர் செய்யுங்கள். அங்கே புது யூயூஐடி பிறக்க வேண்டும். ஐஃபோனை ரீஸ்டார்ட் செய்து, அன்லாக் செய்யாமல் பின்னணி அறிவிப்பு ஒன்றை அனுப்புங்கள். சர்வரில் புது ஐடி எதுவும் முளைக்கக் கூடாது. விமானப் பயன்முறையில் முதன்முறை திறந்து, மூடி, இணையத்தோடு மறுபடி திறங்கள். முதலில் பிறந்த ஐடியே போக வேண்டும். நான்கில் மூன்றாவதில்தான் பெரும்பாலான செயலிகள் தோற்கும்.